தானாக வருவது

பத்தே முக்காலுக்கு ஸ்கேன், இந்நேரம் பூமாரியும் அவள் அம்மாவும் கல்மண்டபம் தாண்டியிருப்பார்கள், ஆட்டோக்காரன் பள்ளத்தில் இறக்காமல் போனால் சரி... பீம்ராவ் மனைவியின் கட்டிலில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தான். இடப்பக்கம்தான் படுக்க வேண்டும் என்று டாக்டரம்மா பூமாரியிடம் சொல்லியிருந்தார், அவள் படுப்பதுபோல் படுத்துப் பார்த்தால்தான் அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று தெரியும். தெரிந்தது. டிவியில் பாதியை பீரோ மறைத்தது. எழுந்து பீரோவைச் சுவரோரம் தள்ளினான், மேஜையை இந்தப் பக்கம் இழுத்தான், பின்னால் கம்ப்யூட்டரிலிருந்து வரும் வயர் கழன்று படம் போய்விட்டது, செருகினான், வந்தது. மறுபடி படுத்தான். இப்போது முழுதாகத் தெரிகிறது. குழந்தைக்குத் துடிப்பு இருந்தால் பிரசவம்வரை அவள் எழக் கூடாது, இந்தக் கட்டில், இந்தப் பக்கம், இந்த டிவி. இருந்தால். அதை இப்போது எதற்கு நினைக்கிறாய், வேலையைப் பார்.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒரே டிஸ்க், அதில் இரண்டு சிஸ்டம். ஒன்று விண்டோஸ், அவனுடையது, துறைமுகத்து கிளியரிங் ஆபீஸின் கன்டெய்னர் விவரங்களை வீட்டிலும் உட்கார்ந்து அடிப்பதற்கு. இன்னொன்று லினக்ஸ், போன வாரம் பூமாரிக்காகப் போட்டது, எழுந்ததும் டிவியில் பெரிய எழுத்தில் படம், பாட்டு, சீரியல் என்று காட்டும், ரிமோட்டை அமுக்கினால் போதும். ஆனால் ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ஒரு கறுப்புத் திரை வந்து எது வேண்டும் என்று கேட்கும், பத்து வினாடி பார்க்கும், யாரும் சொல்லாவிட்டால் முதலென்று குறித்து வைத்ததைத் தானாக எழுப்பும். அந்த இடத்தில் ரிமோட் செல்லாது, கீபோர்டுக்கு எழுந்து வர வேண்டும். அவள் எழக் கூடாது. எனவே தானாக வருவது அவளுடையதாக இருக்க வேண்டும். லினக்ஸைப் போட்ட அன்று அது தன்னையே முதலாக எழுதிக்கொண்டது, பூஜ்யம் என்று, அதன் வரிசை அங்கிருந்துதான் தொடங்கும். ஆபீஸ் வேலை கெட்டுவிடுமே என்று அவன்தான் அதை அழித்து விண்டோஸின் எண்ணைப் போட்டு வைத்தான், நாலு, நடுவில் உள்ள மூன்றும் லினக்ஸின் உபரி வரிகள். இப்போது நாலை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட வேண்டும். ஒரே ஒரு எண், நிமிட வேலை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்... முதலில் சத்தம். ஸ்பீக்கர் ஒன்று கரகரக்கிறது. வயரைச் சுரண்டி முறுக்கினான். பிறகு எழுத்தை இன்னும் பெரிதாக்கினான். கரண்ட் போய்த் திரும்பினால் பெட்டி தானே எழும்படி வைத்தான், இந்த வெயிலில் தினமும் கட் செய்கிறார்கள். பெட்டியையே கட்டிலோரம் கொண்டுவந்தான், கையை நீட்டினால் பட்டன் எட்டுகிறதா, அவள் கை என் கையைவிடச் சின்னது, இன்னும் கொஞ்சம் நகர்த்து.

இதற்கு முன் இரண்டு கர்ப்பத்திலும் ஸ்கேனுக்கு அவன் கூடப் போனான். முதல் முறை டாக்டரம்மா ஒன்றும் சொல்லாமல் கையுறையைக் கழற்றினார். இரண்டாம் முறை ஸ்கேன் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார், அவர்களுக்குத் தெரியாத மாதிரி, அப்போதே தெரிந்துவிட்டது... அதன்பின் பத்து நாளில் பூமாரி தையல் கம்பெனிக்குத் திரும்பிவிட்டாள், அவள் சாய்ந்து படுக்க வாங்கி வைத்த தலையணையை அவள் அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். நேற்று சாப்பிடும்போது பூமாரி தட்டைப் பார்த்தபடியே சொன்னாள், ரெண்டு தபாவும் நீ வந்த, இந்த தபா வாணாம், இன்னா. அவள் அம்மா பூவம்மா உடனே, ஆமா, இவன் மூஞ்சியப் பாத்துதான் புள்ள பயந்துகிச்சு என்றாள், மூவரும் சிரித்தார்கள். சிரித்தானே தவிர, வலித்ததா? இல்லை. அந்த அறைக்குள் போக வேண்டியதில்லை என்று உடம்பு லேசானது. அதற்காக வெட்கப்பட்டுத்தானே விடிந்ததிலிருந்து இந்தப் பெட்டியைப் போட்டுக் குடைகிறாய். சரி, குடைகிறேன், அவளுக்காகத்தானே. அந்த எண்ணை மாற்றிவிடலாமா. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தால்? புதிது போட்டான். பூவம்மா ரிமோட்டைத் தண்ணீரில் போட்டாலும் போடுவாள், பிளாஸ்டிக் கவர் சுற்றினான். பேசின் பிரிட்ஜ் பக்கம் கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, எவ்வளவு நீளம், முடியவே முடியாதா... முடிந்தது. போன் அடித்தது.

பூவம்மாவின் குரலுக்குப் பின்னால் பஸ் ஹாரன். மாப்ள, கீது மாப்ள, துடிப்பு கீது, டபடபன்னு இன்னா வேகம்ன்ற, இந்த தபா அந்தம்மா டிவிய எங்க பக்கமே திருப்பிக் காட்டுச்சு. பூமாரி இன்னா பண்றா, என்றான். அழுதுகினு கீறா, நீயும் குந்திகினு அழுவாத, சோத்த வடிச்சி வை, பசி உயிர் போவுது. அவள் வைத்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான். தரையில் உட்கார்ந்தான், தரை குளிர்ச்சியாக இருந்தது, இவ்வளவு குளிர்ச்சியாகவா இத்தனை நாளும் இருந்தது... அரிசியைக் களைந்தான், தண்ணீர் கூடிவிட்டது, கொட்டினான், மறுபடி ஊற்றினான். திருப்பிக் காட்டினாரா, அவள் பார்த்தாளா, எப்படி இருந்திருக்கும், ஒரு புள்ளி துடிப்பதுபோல இருக்குமா. நான் பார்க்கவில்லை. பரவாயில்லை. பார்க்காதது போகட்டும், இருக்கிறது. சோறு பொங்கி அடுப்பில் வழிந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஆட்டோ வாசல்வரை வந்தது. யோவ், மெதுவா வுடுய்யா, உள்ள ரெண்டு பேரு கீறாங்க, என்று பூவம்மா டிரைவரை வைதபடி இறங்கினாள். கீழ் வீடுதான், இரண்டே படி, ஆனாலும் அவன் பூமாரியைத் தூக்க முனைந்தான், வாணாம், கீழ போட்டுடப் போற, என்றாள், ஆனால் கையை அவன் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. வேர்வை வாடையும் ஸ்கேனுக்குத் தடவிய ஜெல்லின் வாடையும். கட்டிலில் இடப்பக்கமாகப் படுத்தாள், டிவியைப் பார்த்தாள், பீரோ நகர்ந்திருப்பதைப் பார்த்தாள், கையை நீட்டினாள், எட்டியது. போடட்டா, என்றாள். போடு. பட்டனை அமுக்கினாள், கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வினாடி ஒவ்வொன்றாகக் குறைந்தது, பூவம்மாகூடத் தட்டோடு வந்து நின்றாள். பத்தும் போய், வந்தது. விண்டோஸின் நீலத் திரை, ஆபீஸின் கப்பல் படம், பாஸ்வேர்டு கேட்கும் கட்டம். மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான்... மறந்தது போன் வந்த பிறகு, சந்தோஷத்தில், அது உண்மை. அதற்கு முன்னால் எங்கே மறந்தது? காலையில் எத்தனை தடவை அந்த எண் இருந்த வரிவரைக்கும் போய்த் திரும்பி வந்தான், பேட்டரி என்று, கவர் என்று, ஸ்பீக்கர் என்று... போனில் வேறு சேதி வந்திருந்தால் எதையும் திருப்பி மாற்ற வேண்டியிருக்காது, நாலு நாலாகவே இருந்திருக்கும், திங்கட்கிழமை அவள் கம்பெனிக்கும் அவன் ஆபீஸுக்கும். பூமாரி திரையிலிருந்து கண்ணெடுத்து அவனைப் பார்த்தாள், கோபமில்லை, சிரிப்பு இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை.

"பீரோவக்கூட நவுத்தி வச்சிகீற... இத்த மட்டும் ஏன்யா மாத்தாம வுட்ட?"