நல்ல தண்ணீர்க் கிணறு

திருமுருகனுக்கு நான் தண்ணீர் கொடுத்திருக்கக் கூடாது. வெயிலில் வந்து நின்ற மனிதர் நாக்கு வறண்டு போகட்டும் என்று விட்டிருந்தால் இன்றைக்கு எங்கள் வீடு எங்களுக்கே இருந்திருக்கும். அவர் புதுச்சேரிக்காரர், பாங்கில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், பழைய நீராவி ரயில்களைப் பற்றி எழுதுகிறவர். எழுதிக் கிழித்தார்.

எங்கள் வீடு மரக்காணம் உப்பளத்துக்கு நடுவே ஒரு மேட்டில் தனியாக நிற்கிறது. கருங்கல் சுவர், வாசலில் நீளமாக ஒரு கல்மேடை. என் வீட்டுக்காரர் சிங்காரத்தின் தாத்தா ஓர் உப்பு வியாபாரியிடம் மேஸ்திரியாக இருந்தார். இது என் கிடங்கு, நீ குடியிருந்துக்கோ என்று முதலாளி வாயால் சொன்னார், அவ்வளவுதான். பட்டா கிடையாது. வீட்டு வரி ரசீதும் கரண்ட் கார்டும் இருக்கின்றன. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது.

சுற்றி எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். எங்கள் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். அளத்தில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் குடத்தோடு என் வாசலுக்குத்தான் வர வேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் அவர் காரில் வந்து இறங்கினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேப்பை எடுத்துக் கல்மேடையை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

“யாரு சார் நீங்க? யாரைக் கேட்டு அளக்கறீங்க?” என்றேன்.

“இது பிளாட்பாரம்மா. உங்க வாசல்ல ரயில் நின்னிருக்கு.”

“நின்னுட்டுப் போயிடுச்சு இல்ல? நீங்களும் கிளம்புங்க.”

அவர் சிரித்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத வீடு, என் புத்தி கெட்டுப் போய் ஒரு சொம்பு கொடுத்துவிட்டேன். ஒரு வாய் குடித்தவர் பாயசத்தை ருசி பார்ப்பது போல நாக்கைச் சப்புக்கொட்டினார். “இது உப்பு கரிக்கலியே” என்று கிணற்றடிக்கு ஓடி எட்டிப் பார்த்தார். திரும்பும்போது அவர் கண் கலங்கியிருந்தது. கிணற்றைப் பார்த்து அழுகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பைத்தியம் என்று நினைத்து உள்ளே போய்விட்டேன்.

ஆறு மாதம் கழித்துக் கூரியரில் புத்தகம் வந்தது, ‘அன்புடன்’ என்று கையெழுத்துப் போட்டு. அதில் எங்கள் வீட்டுப் படம், கொடியில் காய்கிற என் புடவையோடு. படத்துக்குக் கீழே ‘காணாமல் போன ஸ்டேஷன்’ என்று இருந்தது. உப்பு ஏற்றத் திண்டிவனத்திலிருந்து ஒரு குட்டி ரயில் வந்ததாம், யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். காணாமல் போகவே இல்லை, நான் தினமும் கூட்டிப் பெருக்குகிறேன் என்று சொல்லிப் புத்தகத்தைப் பரண் மேல் எறிந்தேன்.

போன மாசி மாதம் நோட்டீஸ் வந்தது. கடலோரமாகப் புது ரயில் பாதைக்கு அளக்கிறார்களாம். நாங்கள் இருப்பது பழைய ரயில்வே நிலமாம், நாங்கள் ஆக்கிரமிப்பாளர்களாம், நஷ்ட ஈடு எதுவும் கிடையாதாம். அத்தாட்சியாக ஒரு ஜெராக்ஸ் இணைத்திருந்தார்கள். அதே பக்கம், அதே புடவை.

“அந்தாளு கையை ஒடிச்சிட்டு வரேன்” என்று சிங்காரம் பைக்கை எடுத்தார்.

“கையை ஒடிச்சு இன்னா பண்ணப் போற? நமக்கு அவரு வாய்தான் வேணும்” என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டு நானே புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன்.

அவர் வீட்டுக் கூடம் முழுக்க செத்துப்போன ஸ்டேஷன்களின் சாமான்கள். விளக்கு, மணி, ஊர்ப்பெயர் எழுதிய பலகை. எழவு வீட்டில் பாத்திரம் பொறுக்கிவந்த மாதிரி அடுக்கி வைத்திருந்தார். எனக்குப் பற்றி எரிந்தது.

“புதன்கிழமை விசாரணை சார். நீங்க வந்து அது உப்புக் கிடங்குதான்னு சொல்லணும். ஸ்டேஷன்னு சும்மா ஊகத்துல எழுதிட்டேன்னு சொல்லணும்.”

“பொய் சொல்லச் சொல்றியாம்மா?”

“ஆமா. உங்க உண்மைக்கு நான் வீட்டைக் குடுக்க முடியாது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “சொல்றேன்” என்றார். அந்த ஆளை நான் நம்பினேன்.

விசாரணையில் நன்றாகத்தான் பேசினார். அதிகாரி கேட்டதற்கெல்லாம், “ஊகம்தான் சார், ஆதாரம் இல்ல. கிடங்காத்தான் இருந்திருக்கும்” என்றார். டைப் அடிக்கிற பெண் அதை அடித்துக்கொண்டாள். எழுதின ஆளே இல்லை என்கிறாரே என்று அதிகாரி ஃபைலை மூடப் போனார். எனக்கு உயிர் வந்தது. மனசுக்குள் அவரைத் திட்டியதற்கெல்லாம் மன்னிப்புக்கூடக் கேட்டுக்கொண்டேன்.

அப்போது ரயில்வே தரப்பு வக்கீல் எழுந்தார். கறுப்புக் கோட்டு வேர்க்க, கடைசியாக ஒன்றைச் சொல்லிப் பார்ப்போம் என்கிற முகம். “அது ஸ்டேஷன்தான் சார். இன்ஜின் தண்ணி பிடிக்கத்தான் அங்க நின்னிருக்கு. பக்கத்துல கழுவேலி ஏரி இருக்குது, அந்தத் தண்ணியத்தான் ஊத்தியிருக்காங்க.”

பக்கத்தில் திருமுருகனின் முழங்கால் ஆட ஆரம்பித்தது. நான் அவர் காலை மிதித்தேன்.

“கழுவேலித் தண்ணியா?” என்று அதிகாரி சந்தேகமாகக் கேட்டார்.

“ஆமா சார். அந்தக் காலத்து இன்ஜினுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன?”

திருமுருகன் எழுந்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டார்.

“எந்தத் தண்ணியா இருந்தா என்னவா? கழுவேலி உப்புத் தண்ணிய ஊத்துனா பாய்லர் என்னத்துக்கு ஆகும்? நுரைச்சுப் பொங்கும் சார், குழாயெல்லாம் அடைச்சுக்கும். இந்தம்மா வீட்டுக் கிணத்துலதான் நல்ல தண்ணி. பதிமூணு மைலுக்கு அது ஒண்ணுதான். அதனாலதான் ஸ்டேஷனையே அங்க கட்டுனாங்க. கிணறு ரயில் கம்பெனி வெட்டுனது. நான் குடிச்சுப் பார்த்திருக்கேன் சார்.”

டைப் அடிக்கிற பெண் அதையும் அடித்துக்கொண்டாள். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அது மெல்ல அணைந்தது. என் பக்கம் திரும்பி, “அவர் தப்பா சொல்றாரும்மா” என்றார்.

காறித் துப்பவேண்டும் போல இருந்தது, வாயில் எச்சில் இல்லை.

அதிகாரி கழுவேலி, பாய்லர், கம்பெனி எல்லாவற்றையும் இன்னொரு தரம் கேட்டு, அந்தப் பெண்ணை ஒரு எழுத்து விடாமல் அடிக்கச் சொன்னார். திருமுருகனிடம் புத்தகம் ஒரு பிரதி கிடைக்குமா என்றும் விசாரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?” என்றார்.

“அது எங்க வீடு சார்” என்றேன். “மூணு தலைமுறையா அங்கதான் இருக்கோம்.”

அவர் தலையாட்டினார். அந்தப் பெண் அதற்குள் பிரிண்ட் எடுக்க எழுந்து போயிருந்தாள்.