வெர்னாவின் முதல் மான்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் செப்டம்பர் மாதம் வில் வேட்டைக் காலம். நானும் என் மனைவி வெர்னாவும் பாறை விளிம்பில் படுத்துக்கொண்டு, பைனாகுலரில் கீழே துழாவிக்கொண்டிருந்தோம். பள்ளத்தாக்கின் அடியில், ஒரு புதர் நிழலில் பெரிய கொம்பன் மான் ஒன்று படுத்திருந்தது.

“அங்க அடிச்சா மேல யாரு தூக்கிட்டு வர்றது? வேணாம் தாயே!” என்றேன்.

“பின்ன உன்னை எதுக்குக் கட்டிக்கிட்டேனாம்?” என்றவள், சத்தம் வரக்கூடாதென்று பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு இறங்கினாள்.

இரண்டு மணி நேரத்தில் ஒரு சரளைக்கல்கூட உருளவில்லை. முப்பது கஜ தூரத்தில் நின்று, அது எழும்வரை காத்திருந்தாள். மான் எழுந்து சோம்பல் முறித்தது. அம்பு விலாவில் பாய்ந்தது. கொஞ்ச தூரம் ஓடி விழுந்துவிட்டது.

நான் பூட்ஸோடு இறங்கிப் போனபோது, மானின் கழுத்தில் கை வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக வில்லோடு அலைகிறவளுக்கு இதுதான் முதல் மான்.

“அழுறியா?”

“கால்ல முள்ளு குத்திருச்சுடா,” என்றாள்.

கறியை மேலே சேர்க்க நான் நாலு நடை ஏறி இறங்கினேன். அன்று வழியில் பார்த்த வேட்டைக்காரர்களிடமெல்லாம், அவர்கள் கேட்பதற்கு முன்பே, “என் பொண்டாட்டி அடிச்சது!” என்று சொல்லிக்கொண்டே போனேன்.