பருப்பு நன்றாக இல்லை

கோபிச்செட்டிபாளையத்தில் வெளிநாட்டுப் பதார்த்தம் எதைச் சமைத்தாலும், அந்த நாட்டிலிருந்து ஒருவர் வந்து ருசி பார்ப்பார். நன்றாக இருக்கிறது என்றால் கை கழுவிவிட்டுப் போய்விடுவார். நன்றாக இல்லை என்றால், சமைத்தவர் அவருடனே நாலு மணி பஸ்ஸில் கிளம்பிப்போய் அங்கே கற்றுக்கொண்டு வர வேண்டும். இதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. மக்ரோனியைக் களியாக்கிவிட்டு இத்தாலிக்குப் போன மருந்துக்கடைக்காரர் ஒரே மாதத்தில் திரும்பி வந்துவிட்டார்.

ரங்கநாயகியின் புருஷன் குழந்தைவேல் போய் ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. மனுஷனுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது. எங்கேயோ படித்துவிட்டு, எத்தியோப்பியா மாதிரி காரப் பருப்பு வைக்கிறேன் என்று அடுப்படியில் இறங்கினார். அடிப்பிடிக்க விட்டார். அந்த நாட்டிலிருந்து ருசி பார்க்க வந்த அம்மாள் ஒரு வாய் வைத்ததும், "சட்டைய மாத்திக்கிட்டு வாங்க," என்றார். அவ்வளவுதான்.

அவரிடம் போய்ச் சேர ரங்கநாயகிக்கு ஒரே வழிதான் இருந்தது. அதே பருப்பை அவளும் கெடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தாள். அரைக் கிலோ சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் வதக்கினாள். அந்த ஊர் முறை அது. கருகட்டும் என்று தீயைப் பெரிதாக வைத்துவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்தாள். வாசம் மாறியதும் கால் தானாக எழுந்து ஓடியது. கை தானாகக் கிளறியது. வரமிளகாய், ஏலக்காய், வெந்தயம், மல்லி, கிராம்பு எல்லாம் வறுத்துப் பொடித்துப் போட்டாள். உப்பை அள்ளிக் கொட்டலாம் என்று போனால், அளவு வந்ததும் விரல்கள் மூடிக்கொண்டன. அட கருமமே! முப்பது வருஷம் சமைத்த கைக்கு நன்றாகச் சமைக்க மட்டும்தான் தெரிகிறது. மைசூர்ப் பருப்பு குழைந்து செக்கச்செவேல் என்று நின்றது. கடைசியாக, அதற்குச் சம்பந்தமே இல்லாத கடுகையும் கறிவேப்பிலையையும் தாளித்துக் கொட்டிப் பார்த்தாள். பருப்பு இன்னும் ருசியாகிவிட்டது. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

புளித்த மாவில், அந்த ஊர் மாதிரியே திருப்பிப் போடாமல் ஒரு பக்கமே வெந்த தோசை நாலு வார்த்து வைத்தாள். ஒரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு குழந்தைவேல் நின்றார். இளைத்திருந்தார்.

"பாஸாயிட்டேன். ருசி பாக்கற வேலையிலயே போட்டுட்டாங்க. கோபிக்கு யாரு போறீங்கன்னு கேட்டாங்க, கையத் தூக்கிட்டேன்," என்றார்.

"அந்த வேலைய விட்டுட்டு வந்தரக் கூடாதுங்களா?"

"ஏழு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கறேன்."

ஆக, நன்றாக இருக்கிறது என்றால் அவர் மட்டும் நாலு மணி பஸ்ஸில் போய்விடுவார். நன்றாக இல்லை என்றால் அவளும் கூடப் போகலாம். ஆனால் ருசி பார்ப்பவர் பொய் சொன்னால், அவருடைய ருசி அந்த நிமிஷமே அவரை விட்டுப் போய்விடும், திரும்பி வராது. அப்படிப்பட்டவர்களுக்கு மீதி வருஷங்களுக்குக் கிடங்கில் பருப்புப் புடைக்கிற வேலை. குழந்தைவேலோ கல்யாணப் பந்தியில் மூன்று தடவை உட்காருகிற ஆள்.

"கெடுக்கத்தான் பாத்தனுங்க. கை வர மாட்டீங்குது," என்றாள்.

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் தோசையைப் பிய்த்துப் பருப்பை அள்ளி ஊட்டிவிட்டாள். கையால் ஊட்டுவதுதான் அந்த ஊர் மரியாதை. அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இன்னொரு வாய் கேட்டார். அப்புறம் இன்னொன்று. சட்டி பாதி காலியாகும்வரை அவர் தீர்ப்பே சொல்லவில்லை. கடைசி வாயை வெகுநேரம் வைத்திருந்தார். அவசரப்படுத்த அவளுக்கு மனசு வரவில்லை.

"நல்லா இல்ல, ரங்கு," என்றார்.

"பொய் சொல்லாதீங்க!"

"சுத்தமா நல்லா இல்ல. கெளம்பு."

அவள் பதறிப்போய் எலுமிச்சை ஊறுகாயில் ஒரு துண்டு எடுத்து அவர் நாக்கில் வைத்தாள். அவர் முகம் சுளிக்கவில்லை.

"என்னது இது?"

"ஊறுகாய்ங்க."

"சரி," என்று விழுங்கினார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அழும்போதே சந்தோஷமாகவும் இருந்தது. அதற்கு என்ன செய்ய முடியும்?

மூன்றரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவருடைய ருசி படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. அவரைவிடக் கொஞ்சம் குள்ளம், நல்ல நிறம்.

"ஆறு மணிக்குப் பால் வருமுங்க, வாங்கிக் காய்ச்சிருங்க. முருங்கைக்குத் தண்ணி ஊத்துங்க," என்று சொல்லி வீட்டுச் சாவியை அதன் கையில் கொடுத்தாள். "மீதிப் பருப்பு அடுப்பு மேலயே இருக்குது."

ருசி வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயை நன்றாகக் கொப்பளித்துக்கொண்டு, உள்ளே போனது.