பாகு ஊறிய இடம்

படப்பைக்குப் பக்கத்தில் வரதராஜுலு நாயுடுவின் மாட்டுப்பண்ணையில் கோடைத் தீவனத்துக்காக அந்த வருடம்தான் முதல்முறையாக ஊறுகாய்ப்புல் போட்டோம். பச்சைச் சோளத்தட்டையை நறுக்கிக் குழியில் கொட்டி, மிதித்து, மண்போட்டு மூட வேண்டும். பூசணம் பிடிக்காமல் பதமாகப் புளிப்பதற்குச் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகைத் தெளிக்க வேண்டும்.

பாதி நிரம்பிய குழியில் ராத்திரியெல்லாம் விஷக்காற்று தேங்கும் என்று எங்களுக்கு எந்தப் பாவியும் சொல்லவில்லை. காலையில் என் தம்பி ஜெபதாஸ் பாகுக் குடத்தோடு முதல் ஆளாக இறங்கினான். இறங்கியவன் குப்புற விழுந்தான். குடம் உடைந்து பாகெல்லாம் அவனடியில் ஊறியது.

அவனைத் தூக்கிய கையோடு, தட்டை வீணாகிவிடும் என்று நாயுடு பாகுகூடத் தெளிக்காமல் குழியை நிரப்பி மூடச் சொன்னார். கல்லறையிலிருந்து திரும்பினால் பண்ணையிலும் ஒரு மண்மேடு. அவன் வளர்த்த செவலைப் பசு தினமும் அதை மோந்துவிட்டுக் கத்தும்.

கோடையில் திறந்தோம். தட்டையெல்லாம் கறுத்து நாறியது. பாதி ஆழத்தில், நடுவில் மட்டும் பொன்னிறமாக ஓர் இடம், இனிப்பாக மணத்தது. ஆள் நீளம். இரண்டு பக்கமும் கை விரித்தபடி. நாங்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டோம்.

புதிதாக வந்திருந்த கால்நடை ஆபீசர் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"பிரமாதம்! இங்க மட்டும் என்னம்மா போட்டீங்க? அடுத்த வருஷம் குழி முழுக்க இதையே போடுங்க."

நாயுடு தலையைக் குனிந்துகொண்டார்.

"எந்தம்பிய போட்டோம் சார்," என்றேன். "குழி பூரா போட எங்க வூட்ல அத்தினி ஆளு இல்ல."