சுடலை ஓட்டிய காரின் பேட்டரி

1.
இந்தக் கதை எனக்கு ஒரு சத்தமாகக் கிடைத்தது. வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு சின்ன பனியன் கம்பெனி. தினமும் காலையில் அதன் வாசலில் நிற்கும் கார் இரண்டு முறை முக்கிவிட்டு அடங்கிவிடும். நான் அப்போது பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்து நாவலை மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருப்பேன். அங்கே கார் கிளம்பாவிட்டால் குளிரைச் சொல்வார்கள். இங்கே ஆளைச் சொல்கிறார்கள்.

("பேட்டரி என்பது ஒரு நினைவு" என்றுதான் முதல் வரியை எழுதினேன். அடித்துவிட்டேன். பேட்டரி பேட்டரிதான்.)

2.
டிரைவர் பெயர் சுடலை. தூத்துக்குடிப் பக்கம். மனைவி கருத்தம்மாவோடும் மகளோடும் கம்பெனிக்குப் பின்னால் தகரம் வேய்ந்த அறையில் இருக்கிறார். வேலை இருக்கும்வரைதான் அறை.

கம்பெனியில் தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் சேர்ந்து தள்ளினால்தான் கார் கிளம்பும்.

"ஏனுங்கண்ணா, உங்க மாப்பிள்ளை இன்னும் எந்திரிக்கலீங்களா?" என்பாள் ஒருத்தி, காரைத் தட்டி.

"தள்ளுங்க தாயி, மானத்த வாங்காதிய."

முதலாளி ரஷீத் சிரிக்கவில்லை. பேட்டரியை மாற்றியும் இதே கதைதான்.

"ராத்திரி வண்டிக்குள்ள பாட்டுப் போட்டுட்டுப் படுத்துக்கறீங்களாட்ட இருக்குதுங்க, சுடலை?"

"இல்ல மொதலாளி. ஒரு நா கூட படுக்கல."

"சாவி உங்ககிட்டத்தானுங்க இருக்குது. சனிக்கிழமையோட நின்னுக்குங்க. ரூமையும் விட்ருங்க."

ரஷீத் யாரிடமும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். வேலையை விட்டு அனுப்பும்போதும்.

3.
இங்கே ஒரு பத்தி இருந்தது. தகரத்தின் புழுக்கம் தாளாமல் சுடலை காருக்குள் சீட்டைச் சாய்த்துப் படுத்து, மெல்லிய பாட்டில், ஊர் ஆற்றை நினைத்தபடி—

நிறுத்திவிட்டேன். அழகான பத்தி. ஆனால் ரஷீத் சொன்னதையேதான் நானும் சொல்லியிருந்தேன், கொஞ்சம் நல்ல தமிழில்.

4.
வெள்ளிக்கிழமை எலக்ட்ரீஷியன் அருள்குமார் வந்தார். அதற்குள் கருத்தம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தாள்.

பேட்டரி வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை இணைத்தார். எல்லாம் அணைத்திருந்தும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கியதும் மீட்டர் முள் பூஜ்யத்துக்கு இறங்கியது.

"பாட்டுப் பொட்டி இல்லீங்க. லைட்டு லைனு."

"லைட்டு எங்கீங்க எரியுது?" என்றார் ரஷீத்.

சுடலை காரை நெருங்கி வந்தார். விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்ததாகச் சொல்லிவிடுவார்களோ.

அருள்குமார் ஃபியூஸைத் திரும்பச் செருகினார். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடினார். எடுத்துப் பார்த்தால், மூடிய பிறகும் படம் இருட்டவில்லை. உள்ளே விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. மூடி வந்து அழுத்தி விளக்கை அணைக்கவேண்டிய சுவிட்சை அழுத்தவிடாமல், விளிம்பில் பனியன் வேஸ்ட் திணித்திருந்தது.*

"யாருங்க இதை வச்சது?" என்றார் அருள்குமார்.

சுடலைக்குத் தெரியும். முன்பொரு நாள் குண்டடம் ஊருக்குப் போய்வந்தபோது, டிக்கி லொடலொடக்கிறதென்று ரஷீத்தான் தன் கையால் திணித்தார். சுடலை பக்கத்தில் நின்று பார்த்தார். அந்த நொடிவரை இருவருமே அதை மறந்து போயிருந்தார்கள்.

* ஆடுகிற மேசை, ஒழுகும் குழாய், தடதடக்கும் தையல் மெஷின். இந்த ஊரில் எதற்கும் முதல் மருந்து கம்பெனியில் கிடக்கும் கழிவுத் துணிதான்.

5.
ஒரு முடிவு: ரஷீத், "நான்தானுங்க" என்கிறார். கருத்தம்மா சாக்கை அவிழ்க்கிறாள். நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று: சுடலை, "நீங்கதான மொதலாளி வச்சிய?" என்கிறார். எல்லோர் முன்னாலும் உண்மை ஜெயிக்கிறது. அடுத்த மாதம் அவரை அனுப்ப வேறு காரணம் கிடைக்கிறது.

ரஷீத் துணியைப் பார்க்கிறார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிகிறது. அருள்குமார் காத்திருக்கிறார். செக்கிங் பெண்கள் படியில் நிற்கிறார்கள். சுடலை அந்த முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறார்.

இனி நீங்கள் எழுதுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். "நான்தான் வச்சேன், மொதலாளி" என்று மட்டும் அவரைச் சொல்ல வைத்துவிடாதீர்கள். என் கை முதலில் எழுதியது அதைத்தான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.