ரெண்டு செக்கன்

வயரு கழண்டது தற்செயலாத்தான். சஞ்சீவனி மேசையில இருந்த டீக் கோப்பையை எடுக்கப் போனா, முழங்கை பட்டு, ஈரப்பதம் அளக்கிற சென்சரோட வயரு போர்டுல இருந்து கழண்டு விழுந்துருச்சு. அதை மாட்டுறதுக்கு முன்னாடி, சும்மா, கை சும்மா இருக்காம, பக்கத்துல இருந்த சிவப்பு ஸ்டொப் பட்டனை அமுக்கினா. போர்டுல எரிஞ்சுக்கிட்டிருந்த பச்சை லைட்டு உடனே அணையணும்.

அணையல. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுற நேரம் எரிஞ்சுட்டுத்தான் அணைஞ்சுச்சு.

மறுபடி அமுக்கினா. மறுபடியும் அப்பிடித்தான். வயரை மாட்டிட்டு அமுக்கினா டக்குனு அணையுது. கழட்டிட்டு அமுக்கினா ரெண்டு செக்கன். இந்த மேசையில அது வெறும் லைட்டு. மடுல்கெல்ல ஸ்டோருல, அதான் தேயிலை பெக்டரியில, அதே மாதிரி போர்டு காலையில இருந்து நெசமான பெல்ட்டை ஓட்டிக்கிட்டிருக்கு. வாடின கொழுந்தை ரோலருக்குக் கொண்டு போற பெல்ட்டு. அந்த பெல்ட்டுலதான் அவ தம்பி தினுஷன் நிக்கிறான்.

மணி பதினொண்ணு ஆகப் போகுது.

குண்டசாலையில மஹ்ரூப் நானாவோட கடையில அவ பதினொரு வருசமா வேலை செய்றா. முன்பக்கம் தண்ணி மோட்டர் ரிப்பேரு, பின்பக்கம் மெஷினுக்கு கொன்ட்ரோல் பெட்டி செய்றது. பின்பக்கம் முழுக்க அவ பொறுப்பு. தினுஷன் சொல்லித்தான் மடுல்கெல்ல வேலை கடைக்கு வந்துச்சு. ஸ்டோருல இருந்த பழைய பெட்டி அடிக்கடி கிறுக்குப் புடிச்ச மாதிரி நின்னு போகுதுன்னாங்க. புதுசு நல்லா செய்யணும்னு சஞ்சீவனி ரெண்டு போர்டு வாங்கிப் போட்டா. பழகிப் பார்க்கிறதுக்குன்னே கம்பெனிக்காரன் விக்கிற உள்ளங்கை அளவு போர்டு. ஒண்ணு மேசைக்கு, ஒண்ணு பெட்டிக்கு.

அதுல ரியல்டைம் ஒப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏத்துறதுக்கு அவ மூணு கிழமை மல்லுக்கட்டினா. பழைய போர்டுல ஒரே ஆளு எல்லா வேலையையும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா செய்ற மாதிரி. ஒண்ணுல மாட்டினா மத்தது எல்லாம் காத்துக்கிட்டு நிக்கும். இது அப்பிடியில்ல. உள்ளுக்குள்ள ஒரு கங்காணி இருக்கிற மாதிரி. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நம்பர் குடுக்கணும். பெரிய நம்பர்காரன் வந்துட்டா, கங்காணி மத்தவனை அந்த இடத்துலயே நிப்பாட்டிட்டு இவனுக்கு வழி விட்டுருவான். மொத கிழமை அதுக்கு உயிரே வரல. ரெண்டாவது கிழமை உயிர் வந்துச்சு, ஆனா பத்து நிமிசத்துல செத்துச்சு. ஒவ்வொரு வேலைக்கும் ஒதுக்கின மெமரி பத்தலன்னு கண்டுபிடிக்கவே நாலு நாள் போச்சு. கடைசியில ரெண்டு லைட்டு, ஒண்ணு வேகமா ஒண்ணு மெதுவா, ஒண்ணையொண்ணு தொந்தரவு பண்ணாம மின்னினப்ப, அவ தனியா உக்காந்து கை தட்டினா.

ஸ்டொப் பட்டனுக்கு அஞ்சாம் நம்பர் குடுத்திருந்தா. ஈரப்பதத்தை எழுத்துல காட்டுற டிஸ்பிளேக்கு ரெண்டு. அது சரியாத்தான் இருந்துச்சு.

பொறகுதான் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் சேதுராமன் ஐயா பெட்டியைப் பார்க்க கடைக்கு வந்தாரு. பார்த்துட்டு, "எழுத்து நடுங்குதேம்மா, இதையா நான் தோட்டத்துத் துரைக்குக் காட்டுறது?"ன்னாரு. மறுநாள் பெட்டி போகணும். சஞ்சீவனி அவசரத்துல டிஸ்பிளேக்கு ஆறு போட்டுட்டா. எழுத்து கல்லு மாதிரி நின்னுச்சு. ஸ்டொப்பை பத்து தடவை அமுக்கிப் பார்த்தா, பத்தும் சரி. ஆனா சென்சர் வயரு மாட்டித்தான் இருந்துச்சு. டிஸ்பிளேக்குள்ளயே சென்சரைப் படிக்கிற துண்டை அவ பழைய பெட்டியில இருந்து அப்பிடியே தூக்கி வச்சிருந்தா. சென்சர் பதில் சொல்லலன்னா அது ரெண்டு செக்கன் அங்கேயே நின்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஆறாம் நம்பர்காரன் நகர்ற வரைக்கும் அஞ்சாம் நம்பர் ஸ்டொப் காத்துக்கிட்டு நிக்கும். பழைய பெட்டியில ஸ்டொப் வயரு நேரா மோட்டர் கரண்டை வெட்டுற கொன்டெக்டருக்குப் போனதால, அது எவ்வளவு நேரம் நின்னாலும் யாருக்கும் கேடு இல்ல. புதுசுல அந்த வயரை எடுத்து போர்டுக்குக் குடுத்ததும் அவதான். பெல்ட்டு குலுங்காம அழகா நிக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தா.

முன்பக்கம் போயி மஹ்ரூப் நானாவைக் கூட்டிக்கிட்டு வந்து காட்டினா. அவரே மூணு தடவை அமுக்கிப் பார்த்தாரு.

"வயரு கழண்டாத்தானே இப்பிடி? அங்க எவன் கழட்டப் போறான்?"

"பெல்ட்டு ஆடுற ஆட்டத்துல தானா கழண்டுரும் நானா. இப்பவே போன் பண்ணி நிப்பாட்டச் சொல்லணும்."

"பொறு புள்ள, பொறு." அவரு கதிரையை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. "நேத்துத்தான் பெட்டியை மாட்டிட்டு வந்தோம். இன்னைக்கே பிழைன்னு செல்லுவியா? ஞாயித்துக்கிழமை மெஷின் நிக்கிற நேரம் போவோம். சர்வீஸ்னு செல்லி மாத்திட்டு வருவோம். யாருக்கும் தெரியவும் வேணாம்."

"ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு."

"நீ இப்ப வாயைத் தொறந்தியோ, இனி ஒரு தோட்டமும் நம்ம கடைப் படி ஏறாது. நீயும்தானே பதினொரு வருசமா இங்க ஈக்கே?"

"என் தம்பி அதுல நிக்கிறான் நானா."

மஹ்ரூப் அவளை நிமிர்ந்து பார்த்தாரு. "தம்பி நிக்காட்டி? பேசாம ஈந்திருப்பே, இல்லையா?"

கோவத்துல கேட்டாரா, நெசமாவே கேட்டாரான்னு அவளுக்கு வெளங்கல. "தெரியாது நானா"ன்னு சொல்லிட்டு போனை எடுத்தா.

தினுஷனுக்கு எடுத்துப் பிரயோசனம் இல்ல. ஸ்டோருக்குள்ள போறவங்க போனை எல்லாம் வாசல்ல வாங்கி வச்சுருவாங்க. சேதுராமன் ஐயாவுக்கு எடுத்தா. பின்னால ரோலர் சத்தம். அவரு கத்திப் பேசினாரு.

"என்னம்மா, பெட்டி நல்லா ஓடுது!"

"ஐயா, பெல்ட்டை நிப்பாட்டுங்க. ஸ்டொப் அமுக்கினா உடனே நிக்காது. ரெண்டு செக்கன் ஓடும்."

"எவ்வளவு?"

"ரெண்டு செக்கன்."

"ரெண்டு செக்கன்தானே? ஒரு தும்மல் போடுற நேரம். இதுக்கா இந்தப் பதட்டம்? ரெண்டாயிரம் கிலோ கொழுந்து வாடி ரெடியா கெடக்கு. இப்ப நிப்பாட்டினா சூடேறி தூள் நாசமாப் போகும். நாளைக்குப் பேசுவோம்." வச்சுட்டாரு.

சஞ்சீவனி ஸ்குரூட்ரைவர், வயரு, மீட்டர் எல்லாத்தையும் பையில போட்டா. மஹ்ரூப் நானா வாசல்ல நின்னுக்கிட்டு, "நான் ஒன்னை அனுப்பல. நீயாத்தான் போறே. அதை ஞாபகம் வச்சுக்க"ன்னாரு. "சரி நானா"ன்னுட்டு எறங்கினா. அவரு தடுக்கல, அது ஒண்ணுதான்.

வத்தேகமை வரைக்கும் ஆட்டோ. அங்க இருந்து பஸ். பன்விலயில பஸ்காரன் டீ குடிக்க எறங்கிட்டான். இவ ஜன்னலோரமா உக்காந்து விரலால மடியில தட்டித் தட்டி ரெண்டு செக்கனை அளந்துக்கிட்டே இருந்தா. ஒரு தட்டு, இன்னொரு தட்டு. அதுக்குள்ள பெல்ட்டு எவ்வளவு தூரம் போகும்? மனசுல கணக்குப் போட்டா. ஒரு ஆளோட விரல்ல இருந்து தோள் வரைக்கும் போகும். பொறகு கணக்குப் போடுறதை விட்டுட்டா.

அவ ஸ்டோருக்குள்ள நுழையுறப்ப மணி ஒண்ணரை. பச்சைக் கொழுந்து வாசமும் சூடும் மூஞ்சியில அடிச்சுச்சு. மொதல்ல அவ கண்ணு டிஸ்பிளேக்குத்தான் போச்சு. ஈரப்பதம் காட்டுற இடத்துல நம்பர் இல்ல. ரெண்டு கோடு மட்டும். வயரு ஏற்கனவே கழண்டு போயிருக்கு.

அவ யாருகிட்டயும் கேக்கல. செவத்துல இருந்த மெயின் சுவிட்சைப் புடிச்சு கீழ இழுத்தா.

அத்தனை சத்தமும் ஒரே நேரத்துல அடங்கிப் போச்சு. "என்னா இஞ்சினியரம்மா, கரண்ட் பில்லு கட்டலையா?"ன்னு எவனோ கேட்டான். ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. சேதுராமன் ஐயா மேல கொழுந்து வாட்டுற மாடியில இருந்து ஓடி வந்தாரு.

"யாரும்மா ஒன்னைய தொடச் சொன்னது? இந்தக் கொழுந்துக்கு துரைகிட்ட நீ பதில் சொல்லுவியா?"

"சொல்றேன் ஐயா. பிழை என்னோடதுதான், அதையும் சேர்த்துச் சொல்றேன். இருபது நிமிசம் குடுங்க."

"இருபதாம் நிமிசம் நான் சுவிட்சைப் போட்டுருவேன். நீ உள்ள கைய வச்சிருந்தாலும் போட்டுருவேன்!"

"போடுங்க"ன்னுட்டு பெட்டியைத் தொறந்தா. மொத ஸ்குரூ கழண்டு கீழ விழுந்து கொழுந்துக்குள்ள போயிருச்சு, தேடல. ஸ்டொப் பட்டன்ல இருந்து போர்டுக்குப் போன வயரைப் புடுங்கினா. பழைய பெட்டியில இருந்த மாதிரியே நேரா கொன்டெக்டருக்குக் குடுத்தா. போர்டு செத்தாலும் பொழைச்சாலும், பட்டனை அமுக்கினா மோட்டருக்குக் கரண்டு போகாது. மூணு கிழமை ராசாத்தி மாதிரி வளர்த்தது இப்ப வெறுமனே நம்பர் காட்டிக்கிட்டு இருக்கட்டும். அழகா நிக்கணும்னு ஒண்ணும் இல்ல.

மெயினைப் போட்டு, பெல்ட்டை ஓட விட்டு, "ஐயா, நீங்களே அமுக்குங்க"ன்னா. அவரு கோவத்தோட ஓங்கி அமுக்கினாரு. பெல்ட்டு ஒரு குலுக்கு குலுக்கிட்டு நின்னுச்சு. இன்னொரு தடவை. அதே மாதிரி. அவரு மூஞ்சி கொஞ்சம் எளகுச்சு.

"ம். இப்ப யோசிக்காம நிக்குது."

"யோசிக்காமன்னா?"

"பயலுக பேசிக்கிட்டாங்க, புதுப் பெட்டி யோசிச்சுத்தான் நிக்குதுன்னு. நான் ஏதோ பகிடி பண்றாங்கன்னு நெனச்சேன்."

சஞ்சீவனி திரும்பி தினுஷனைப் பார்த்தா. இவ்வளவு நேரமும் அவன் அவ பக்கம் வரவே இல்ல. பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கொழுந்தை ஒதுக்கிக்கிட்டிருந்தான். கிட்டப் போனப்பதான் கவனிச்சா. சட்டையோட வலது கை முழங்கை வரைக்கும் கிழிஞ்சு தொங்குது. உள்ள தோலு செவந்து ஒரு கோடு.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லக்கா."

"எப்ப நடந்துச்சு?"

அவன் சுத்தும் முத்தும் பார்த்தான். "பத்து மணி டீக்கு முன்னாடி. ஸ்டொப்பை அமுக்கிட்டு அடைப்பை எடுக்க கைய விட்டேன். அது நிக்கல. சட்டையைப் புடிச்சு இழுத்துச்சு. நல்ல வேளை, பழைய சட்டை, கிழிஞ்சு வந்துருச்சு."

"ஐயாகிட்ட ஏன்டா சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது?" அவன் குரல் எறங்கிருச்சு. "நேத்து பெட்டிக்கு மாலை போட்டு தேங்கா உடைச்சாங்க. இது நம்ம தோட்டத்து லயத்துல பொறந்த புள்ள செஞ்சதுன்னு ஐயாவே எல்லாருக்கும் சொன்னாரு. அப்பா முன்னால நின்னு அழுதுட்டாரு. மறுநாளே நான் போயி எங்க அக்கா செஞ்சது சரியில்லன்னு சொல்லவா?"

அவ கிழிஞ்ச துணியை ஒதுக்கி அந்தச் செவந்த கோட்டைப் பார்த்தா.

"பொறகு பழகிருச்சுக்கா. அமுக்கிட்டு மூணு எண்ணிட்டு கைய விட்டா சரி. மத்தவங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஐயாவுக்குத் தெரிய வேணாம்னும் சொன்னேன். றம்லத் அக்கா மட்டும் ரெண்டுக்கே கைய விட்டுருவாங்க, அவங்களைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அந்தப் பக்கம் றம்லத் குனிஞ்சு கொழுந்து அள்ளிக்கிட்டிருந்தா. அம்பது வயசிருக்கும். இந்தப் பேச்சு எதுவும் அவ காதுல விழல.

சஞ்சீவனி தம்பியோட கையைப் புடிச்சா. மணிக்கட்டுல இருந்து விரல் நுனி வரைக்கும் தடவிப் பார்த்தா, சின்னப் புள்ளைக்குப் பார்க்கிற மாதிரி. சேதுராமன் ஐயா யாருக்கோ கத்திச் சொன்னாரு. பெல்ட்டு ஓட ஆரம்பிச்சுச்சு.

"விடுக்கா, எல்லாரும் பார்க்கிறாங்க"ன்னான் தினுஷன். "கொழுந்து வருது."

அவ விடல.