தலைவலி டப்பா

என் மருந்துக்கடைக்கு வருகிற பெண்கள் எதற்கு வந்தோம் என்பதை எடுத்ததும் சொல்வதில்லை. பற்பசை கேட்பார்கள், சோப்பை மோந்து பார்ப்பார்கள், மற்றவர்கள் போகும்வரை காத்திருப்பார்கள். அகேயோவும் அப்படித்தான் வந்தாள். பத்தொன்பது வயது. எங்கள் ஏரிக்கரையில் மீன் வாங்கி, புகை போட்டு, கிசுமு நகரச் சந்தையில் விற்கிறவள்.

"டாக்டரக்கா, எய்ட்ஸ் வராம இருக்க மாத்திரை நீங்களே குடுக்கறீங்களாமே? ஆஸ்பத்திரிக்குப் போனா ஊரே பாக்கும்."

"யாருடி ஆளு?"

"ஒச்சோலா. படகுக்காரன்."

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? எங்கள் கரையில் மீன் வேண்டுமென்றால் படகுக்காரனோடு படுக்க வேண்டும். ஜபோயா என்று அதற்கொரு பேரும் வைத்து வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள், கட்டையில் போகிறவன்கள்.

"உறை போடச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். அப்போ மீன வேற எவளாவது வாங்கிக்கட்டும்னுட்டான்."

விரலில் குத்தி ரத்தம் எடுத்து, சோதனைப் பட்டையில் விட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கோடு, நோய் இல்லை. அந்தக் கோட்டை அவள் அவ்வளவு நேரம் பார்த்தாள். "இது இப்படியே இருக்கணும்க்கா. எங்கம்மா இதுலதான் போனா."

தினம் ஒன்று போடச் சொல்லி, ஒரு மாத மாத்திரையை டப்பாவோடு கொடுத்தனுப்பினேன். ஒரே வாரத்தில் அந்த டப்பாவை மார்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்தாள். "நடந்தா கலகலங்குதுக்கா. நோய்க்காரங்களுக்குக் குடுக்கறதும் இதே டப்பாதானே? பெனினாக்கா பாத்தா எனக்கு நோய்னே முடிவு கட்டிடும். அப்புறம் என் மீன எவ வாங்குவா?"

பெனினாவும் இன்னும் இரண்டு பெண்களும் அவளோடு ஒரே அறையில் இருந்தார்கள். ஒரே கொட்டகையில்தான் மீனுக்குப் புகை போட்டார்கள். எனக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. காலியான தலைவலி மாத்திரை டப்பா ஒன்றை எடுத்து, அவளுடைய நீல மாத்திரைகளை அதில் கொட்டி, சத்தம் வராமல் பஞ்சு வைத்து மூடினேன். "எவ கேட்டாலும் தலைவலிக்குன்னு சொல்லு." என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் பாதியிலேயே வந்து நின்றாள். "மாத்திரை தீந்துபோச்சுக்கா."

எனக்கு முன்கோபம் அதிகம். அன்று கடையில் நாலு பேர் வேறு. "முப்பது நாள் மாத்திரை பதினாலு நாள்ல எப்படிடி தீரும்? வித்துத் தின்னுட்டியா?"

வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தாள். "கீழ கொட்டிடுச்சுக்கா."

"அப்போ போய்ப் பொறுக்கு."

ஆமாம், நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். அவள் போய்விட்டாள். அடுத்த மாதமும் வரவில்லை. புத்தி வந்தால் தானே வருவாள் என்று நானும் இருந்துவிட்டேன்.

வந்தது பெனினா. கண்ணெல்லாம் புகையில் சிவந்திருந்தது. தலைவலி மாத்திரை கேட்டாள். எடுத்து வைத்தேன்.

"அய்ய, இது வேணாம். அகேயோ வச்சிருந்தாளே, பெரிசா, நீலமா, அதக் குடு. எங்க மூணு பேருக்கும் அதுதான் நல்லா கேட்டுச்சு. பாவம், தங்கமான பொண்ணு. எப்ப கேட்டாலும் டப்பாவ நீட்டிடுவா. இப்ப ரெண்டு மாசமா டப்பா காலி."

புகைக் கொட்டகையில் தலைவலி இல்லாத பெண் உண்டா? அங்கே மாத்திரையை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்கிறவளை மனுஷியாகவே மதிக்க மாட்டார்கள். இதே கரையில் பிறந்தவள் நான். எனக்கு இது தெரியாதா? நல்ல டப்பா பார்த்துக் கொடுத்தேன், பாவி!

அன்றே ஆள் அனுப்பி அகேயோவை வரவழைத்தேன். கடையைச் சாத்திவிட்டு ரத்தம் எடுத்தேன். கால் மணி நேரம் இருவரும் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு கோடுகள். வேறொரு பட்டையிலும் வைத்துப் பார்த்தேன். அதிலும் இரண்டு.

"ஏன்டி அன்னைக்கே எங்கிட்ட சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்கக்கா?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான்தான் அழுதேன்; அவள் அழவில்லை.

"இனிமே தினமும் மாத்திரை போடணும்ல? சாகற வரைக்கும்?"

"ஆமாடி கண்ணு. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். ஒழுங்கா போட்டா ரொம்ப நாள் நல்லா இருக்கலாம்."

தலையை ஆட்டினாள். பிறகு பையிலிருந்து அந்தத் தலைவலி டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே பஞ்சு மட்டும் இருந்தது.

"அத எந்த டப்பாவுலக்கா போட்டுத் தருவீங்க?"

என் அலமாரியில் காலி டப்பாவுக்குக் குறைச்சல் இல்லை. ஒன்றையும் தொட எனக்குக் கை வரவில்லை.